பாதிச் சம்பளமும் முழு மழையும்

பகல் கனவு காண்பது ஒன்றும் கெட்ட பழக்கமல்ல, கையில் மைக் இல்லாதவரை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் உதவியாளனாக இருந்தேன். வேலை இழந்த தொழிலாளிக்கு ஆறு மாதம் வரை பாதிச் சம்பளம், கூடவே வைத்தியம் என்று தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் புதிய சலுகை வந்திருந்தது. "கேன்டீன்ல பத்து நிமிஷம் எக்ஸ்ப்ளைன் பண்ணிடுப்பா" என்று மேனேஜர் ஒரு தாளை நீட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் மைக்கைப் பிடித்தேன். வெளியே பூந்தூறல். எதிரே இருந்த தகரக் கூரைகள் எல்லாம் மங்கி, மெல்ல மிதப்பது போலிருந்தன. அவ்வளவுதான், நான் இந்த உலகத்திலேயே இல்லை.

"ஒரு நாள் காலையில சங்கு ஊதாது. நீங்க எழுந்திருக்கவே வேண்டாம். மழையைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கலாம். பாதிச் சம்பளம் தானா வரும்..." (நல்லவேளை, ராகம் போட்டுப் பாடவில்லை.) எல்லோரும் கண் சொருகிக் கேட்டார்கள். தாளின் கடைசி வரிக்கு வருவதற்குள் வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது.

மறுநாள் காலை, மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் பிரிவிலிருந்து கஸ்தூரி வந்து நின்றாள். அல்சூர் பக்கம் மர்பி டவுன்காரி. எட்டு வருஷ சர்வீஸ். அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது.

"ரொம்ப தேங்க்ஸ் சார். ரிசைன் லெட்டர் குடுத்துட்டேன். ஆறு மாசம் வீட்ல இருந்து டெய்லரிங் கத்துக்கப் போறேன்."

நான் சொல்லாமல் விட்ட கடைசி வரி இதுதான்: ஆலையை மூடினாலோ, ஆள்குறைப்பில் நிறுத்தினாலோதான் உதவி, தானாக விலகினால் ஒன்றும் கிடையாது.

"ஐயோ, யார்கிட்ட குடுத்தீங்க?"

"மேனேஜர் டேபிள்ல வச்சிட்டேன் சார்."

ஓடினேன். அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். கடிதத்தின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக் கவிழ்ந்தேன். (அவருடைய காபியும் கூடவே கவிழ்ந்தது.) விஷயத்தைக் கேட்டதும் "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னிக்கே போய் எல்லார்க்கும் ஒழுங்கா சொல்லு. இல்லேன்னா அடுத்த லெட்டர் உன்னுது."

காபி சொட்டும் கடிதத்தைக் கஸ்தூரியிடமே கொடுத்து விளக்கினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் திட்டவில்லை. "அப்ப அந்த மழை, சார்?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, அல்சூர் ஏரிக்கரையில் அவளிடமே என் மனதைச் சொன்னேன். பனி மூட்டத்தில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. நாங்கள் வாழப்போகும் வீடு, மாடி, பூந்தொட்டி என்று அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி சார். இதுல எதெல்லாம் கிடைக்காது, அதை மொதல்ல சொல்லுங்க."

இன்றும் வீட்டில் நான் எதையாவது வர்ணிக்கத் தொடங்கினால், எங்கள் மகள் அம்மாவின் குரலிலேயே அந்தக் கேள்வியைக் கேட்கிறாள், அந்த "சார்" உட்பட.