ஆறு பேர் சொன்ன ஒரே வாக்கியம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இங்கே ஏதோ இருக்கிறோம். உன் வீட்டில் எல்லோரும் எங்களைவிடச் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் உன் மகள் இப்போது அங்கே இல்லை, இங்கே இருக்கிறாள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் பக்கத்து அறையிலிருந்து அதையும் ஒருத்தி எழுதிக்கொள்வாள். விஷயம் இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே நேரில் வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடு. கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

மூன்று மாதம் தங்குவாள், ஆராய்ச்சிப் படிப்பு, தான் உண்டு தன் புத்தகம் உண்டு என்று இருப்பாள் என்று சொல்லித்தானே விட்டுப் போனாய்? பேருந்துப் பணிமனையில் ஓய்வு பெற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி என்பதை ஏனப்பா என்னிடம் சொல்லவில்லை? வந்த அன்றைக்கே நான் நல்ல மனசோடு, "பத்து கேள்வி அச்சடிச்சுக் குடும்மா, அம்பது பேர்கிட்ட டிக் போட்டு வாங்கித் தர்றேன், ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்றேன். "அது எண்ணிக்கை பெரியப்பா. எத்தனை பேருன்னு எனக்கு வேணாம். எப்படி இருக்குன்னுதான் வேணும்" என்றாள். முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்து, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எண்ணாகவே எழுதிய என்னிடம் வந்து எண் வேண்டாம் என்கிறாள்.

அதற்கு ஒரு ஆய்வு முறை வேண்டுமாம், முதலில் இனவரைவியல் என்றாள். அப்படியென்றால் மனிதர்கள் இருக்கும் இடத்திலேயே போய், அவர்களோடு ஒருத்தியாக இருந்து, அவர்கள் பேசுவது, சண்டை போடுவது, பழக்க வழக்கம் எல்லாவற்றையும் பார்த்து எழுதுவதாம். பணிமனைச் சுவரை ஒட்டின சிமென்ட் பெஞ்சில் நாங்கள் ஆறு பேர் தினமும் உட்காருவோம் இல்லையா, அங்கே வந்து மூன்று வாரம் உட்கார்ந்தாள். வழக்கமாகச் சீட்டாடுவோம், ஒருவனை ஒருவன் காது கூசத் திட்டுவோம். அவள் வந்த நாளிலிருந்து எல்லோரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, உலக நடப்பைப் பற்றிப் பேசினார்கள். விசில் என்று நாங்கள் கூப்பிடும் பழைய கண்டக்டர், வாழ்நாளில் முதல் தடவையாக என்னை "ஐயா" என்றான். மூன்று வாரக் குறிப்பைப் படித்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை, "இது பெஞ்சா, பாராளுமன்றமா?" என்று கேட்டாராம்.

அடுத்தது நிகழ்வியல். இதில் கூட்டத்தின் பழக்கம் முக்கியமில்லை. ஒரே அனுபவத்தைப் பட்ட சிலர், அதை உள்ளுக்குள் எப்படி உணர்ந்தார்கள் என்பதுதான் முக்கியம். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "ரிட்டயர் ஆன மறுநாள் காலையில எந்திரிச்சப்போ எப்படி இருந்துச்சு பெரியப்பா?" என்றாள். "காலையா இருந்துச்சு" என்றேன். "உள்ளுக்குள்ள?" "உள்ளுக்குள்ள என்ன, பசிச்சுது." பிறகு ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்தால் ஆள் தானாகப் பேசுவானாம். நான் பேசவில்லை. நாற்பது நிமிடம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், உன் அண்ணி வந்து விளக்கைப் போட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

மூன்றாவதாக வந்ததுதான் என் உயிரை வாங்கியது. கிரவுண்டட் தியரி. கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகக் கூடாதாம்; பேட்டி எடுத்து, பேச்சைத் துண்டு துண்டாக்கிப் பெயர் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அதிலிருந்தே கோட்பாடு முளைக்க வேண்டுமாம். இனிமேல் யாரைக் கேட்டாலும் புதிதாக ஒன்றும் வராது என்கிற கட்டம் வரும், அதற்கு நிறைவு நிலை என்று பெயர், அங்கே நிறுத்தலாம் என்றாள். கூடத்துச் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டினாள். காலண்டர் தெரியவில்லை, கடிகாரம் தெரியவில்லை. ஆறு பேரையும் பேட்டி எடுத்தாள். ஆறாவது ஆளை முடித்துவிட்டு ஓடி வந்து, "பெரியப்பா! புதுசா ஒண்ணுமே வரல! நிறைவு நிலை வந்துருச்சு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

தம்பி, இங்கேதான் நான் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கே தெரியும், பணிமனையில் கையில் நோட்டோடு யாராவது மேலிடத்திலிருந்து வந்தால், அதற்கு முன்னாலேயே எல்லோரையும் கூட்டி வைத்து, கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஆளுக்கொன்று சொன்னால் மாட்டிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில், பேட்டிக்கு முந்தின நாள் பெஞ்சில் எல்லோரையும் உட்காரவைத்து நான்தான் எழுதிக் கொடுத்தேன்: "பணி ஓய்வுக்குப் பின் மனநிறைவோடு இருக்கிறேன், எந்தக் குறையும் இல்லை." நான் உட்பட ஆறு பேரும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தோம். விசிலிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கும் அவன் எந்தக் குறையும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறான். பேராசிரியை படித்துவிட்டு, "ஆறு பேரும் கோரஸா பாடினாங்களா?" என்று கேட்டதோடு விடவில்லை. இருபதாம் தேதி ஆராய்ச்சிக் குழுவின் முன்னால் ஒரே ஒரு ஆய்வு முறையைச் சொல்லி, இதில்தான் நிற்பேன் என்று நிற்காவிட்டால் படிப்புக்கான பதிவையே ரத்து செய்துவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார். அன்றைக்கு உன் மகள் சாப்பிடவில்லை. மஞ்சள் சீட்டு ஒவ்வொன்றையும் சுவரிலிருந்து பிய்த்தாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நான்காவது, கேஸ் ஸ்டடி. நிறைய பேர் வேண்டாம், ஒரே ஒரு குடும்பம் போதும், ஆனால் அதை எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும்: பேச்சு மட்டும் போதாது, காகிதம், போட்டோ, மருந்துச் சீட்டு எல்லாம் வேண்டும். எந்தக் குடும்பம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முந்தாநாள் என் பீரோவைக் குடைந்து, பச்சை அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். வண்டி எண், வர வேண்டிய நேரம், வந்த நேரம். "பெரியப்பா, இதுல இருக்கிற தேதியெல்லாம் நீங்க ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமா வருதே?" என்றாள். "பழைய நோட்டு, தேதி தப்பு" என்று பிடுங்கிக்கொண்டேன். தேதி தப்பில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை நான்கு மணிக்கு எழுந்து குளித்துக் கிளம்பி, பணிமனைக்கு எதிர் நிறுத்தத்தில் பகல் இரண்டு மணி வரைக்கும் நின்று எழுதினேன். பன்னிரண்டாம் நம்பர் வண்டி ஆறு நிமிடம் தாமதம். யாரிடம் போய்ச் சொல்வது? நான்கு மாதம் எழுதினேன். இரண்டு நாளாக நான் அவளோடு பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் படிப்பையே கெடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், வந்து அழைத்துக்கொண்டு போ.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. சின்னவனுக்கு ஆசி, அவனையாவது எண் உள்ள படிப்பாகப் பார்த்துச் சேர்த்துவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால், அடுக்களையில் உன் அண்ணி பேசிக்கொண்டிருக்கிறாள். உன் மகள் ஐந்தாவதுக்கு மாறிவிட்டாள், ஒரே ஒருவர் தன் வாழ்க்கையைக் கதையாகச் சொல்ல, அவர் சொல்லும் வரிசையிலேயே கேட்பதாம். எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றிருக்கிறாள். உன் அண்ணி நான் ஓய்வு பெற்ற மறுநாளில் தொடங்கினாள். "பழக்க தோஷத்துல நாலு மணிக்கே எந்திரிச்சு அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டிட்டேன். அப்புறம்தான் நினைப்பு வந்துச்சு. திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம், குளிச்சுட்டு எங்கேயோ போயிட்டாரு. வேலைக்குத்தான் போயிருக்காருன்னு புரிஞ்சுது. கேட்டா கூச்சப்படுவாருன்னு கேக்கல. மதியம் நானே பின்பக்கப் படியில உக்காந்து அதைச் சாப்பிட்டேன்."

நான் உள்ளே போய்ப் பச்சை நோட்டை மேசையில் வைத்தேன். எழுதிக் கொடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன். உன் மகள் திட்டுவாள் என்று நின்றேன். "ஆறு பேரும் எதை மறைக்கிறதுக்கு அதைச் சொன்னீங்கன்னு கேக்கவே இல்லையே பெரியப்பா நான்" என்று சொல்லி எழுத ஆரம்பித்துவிட்டாள். இருபதாம் தேதி இந்தக் கதை முறையில்தான் நிற்கப் போகிறாளாம், மாற்ற மாட்டாளாம்.

நீ ஞாயிற்றுக்கிழமை வராதே. இன்னும் மூன்று மாதம் இருக்கட்டும். உன் அண்ணி முடித்த பிறகு எனக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறாள், புதன்கிழமை காலை பத்து மணி. என்ன சொல்வது என்று இந்தத் தடவை நான் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.