பெரட்டுக் கொட்டகையில் ஸ்கொட்லாந்து மெட்டு

தெரணியகலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் கிருஷ்ணகுமாருக்கு,

உங்கள் அக்காள் புருஷன் மூக்கையா எழுதிக்கொள்வது. ஸ்கொட்லாந்துக் குளிரில் நம் தோட்டத்து மாரியம்மன் உங்களுக்குத் துணையிருப்பாளாக. இங்கே நான், உங்கள் அக்காள் புஷ்பம், இரண்டு ஆடுகள் எல்லோரும் சுகம். என் மகள் மல்லிகாவுக்கு நீங்கள் அனுப்பிய வயலினால் என் மரியாதைக்குத்தான் சுகமில்லை.

வயலினோடு ஒரு புத்தகமும் அனுப்பினீர்களே, உங்கள் ஊர்க்காரர்கள் கல்யாண வீட்டில் குதித்து ஆடுகிற பழைய மெட்டுகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வாசிக்கும்படி எழுதிவைத்த புத்தகம், அதை மல்லிகாவின் பள்ளிக்கூடத்து நஸ்லின் டீச்சர் பார்த்ததோடு பிடித்தது சனி. பள்ளிக்கூடத்து வயலின்களையும் கொடுத்துப் பதினொரு பிள்ளைகளைச் சேர்த்து, அடுத்த மாதம் நடக்கும் மாகாணப் போட்டிக்குப் பெயரும் கொடுத்து, தோட்டத்துத் தொரையிடம் கேட்டு, காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் பெரட்டுக் கொட்டகையையும் வாங்கிவிட்டார். பதினொன்றும் ஒன்றாகத் தொடங்கும், முடிப்பது மட்டும் ஆளுக்கொரு நேரம். "தாளம் பிடிக்கிற பெரிய வயலின் எங்கக்கிட்ட இல்லையே, நீங்க ஒருக்கா தப்பு அடிச்சுத் தாங்க" என்றார் டீச்சர். முப்பது வருசம் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்ட என் மேளம் சும்மாதானே தொங்குகிறது, நானும் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

நேற்றுக் காலையில் நல்ல மழை. ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, காய்ந்த பிறகு கூப்பிடுவார்கள் என்று லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் காத்திருந்தது. பிள்ளைகள் மெல்லத் தொடங்க நானும் மெல்லத்தான் அடித்தேன். அந்த மெட்டு போகப் போக ஓட்டம் பிடிக்குது மச்சான், கூடவே ஓடின என் கை பழக்கதோஷத்துல பெரட்டு அடிக்குத் தாவிருச்சு, நானும் கண்ணை மூடி ரசிச்சு அடிச்சிட்டேங்க. திறந்து பார்த்தால் லயமே காலி. சனம் முழுக்க வாளியும் கத்தியுமாக மலையேறி, ஈர மரத்தையெல்லாம் வெட்டி, பாலெல்லாம் மழைத்தண்ணியோடு ஓடிப் போயிருந்தது. தொரை ஜீப்பில் வந்து இறங்கி, "மொகத மே?" என்று சிங்களத்தில் கத்தினார். இது என்ன என்று கேட்டால் நான் என்ன செய்ய? வயலினைக் காட்டினேன்.

கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. இனிப் பிள்ளைகளுக்குப் பழக இடமும் இல்லை, போட்டியும் இல்லை. மல்லிகா என்னோடு பேசுவதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான், பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். போன் எடுத்து, "வயலின் போதும்மா, கணக்கைப் படி" என்று சொல்லி அந்தச் சாமானைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்.

பனியில் வழுக்காமல் நடந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, நீண்ட காலம் நல்லா இருங்க.

இப்படிக்கு,
வீ. மூக்கையா

பி.கு.: இந்தக் கடிதத்தை மல்லிகா எடுத்துப் படித்துவிட்டாள். என் கையைப் பிடித்துத் தொரை பங்களாவுக்கு இழுத்துப் போனாள். "அடிச்சது நான்தாங்க தொரை, பிள்ளைங்க மேல குத்தமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். கொட்டகை திறந்தாயிற்று, என் மேளம்தான் இப்போது ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. திரும்பி வரும்போது, "அப்பா, நீங்க இல்லாட்டி நாங்க எப்பிடி ஒண்ணா முடிக்கிறது?" என்றாள். தொரை மேளத்தைத்தானே நிறுத்தினார், காலால் தாளம் தட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஆகையால் போன் எடுக்க வேண்டாம், மேலே உள்ள எதையும் நம்பவும் வேண்டாம். அங்கே ஆட்டக்காரர்கள் போடுகிற நல்ல சத்தமான சப்பாத்து ஒரு சோடி உடனே அனுப்பவும். எனக்கு ஒன்பதாம் நம்பர்.