மூன்று தும்மல் உத்தரவாதம்

பல்லாவரத்தில் தொடங்கி கூடுவாஞ்சேரி வரை, ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் ஓடிய அத்தனை ஏ.சி. மிஷின்களும் ஒரே ஒரு மூக்கை நம்பித்தான் ஓடின. அத்தனை என்றால் பயந்துவிடாதீர்கள், முப்பது நாற்பது இருக்கும். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் தாம்பரத்தில் ஒருவர் ஏ.சி. வைத்திருப்பது யானை வைத்திருப்பது மாதிரி. பார்க்க ஆள் வரும், தீனி போட்டு மாளாது. அந்த யானைகளுக்கெல்லாம் ஒரே வைத்தியர், தும்மல் அண்ணா. அவருடைய நிஜப்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே மறந்திருக்கலாம்.

ஏ.சி. மெக்கானிக்கான அவருக்கு ஏ.சி. காற்று ஆகாது. அல்வாக் கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்த கதைதான். அக்னி நட்சத்திரத்தில் ஊரே பனியனோடு அலையும்போது, இவர் மட்டும் கழுத்தில் பச்சை மஃப்ளரோடு மொபெட்டில் வருவார். ரிப்பேர் முடிந்ததும் மஃப்ளரைக் கழற்றி, மிஷினுக்கு நேரே முகத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சில்லென்று காற்று பட்டால் தும்மல் வரும். அதுதான் அவருடைய தெர்மாமீட்டர்.

"ஒண்ணு வந்தா சுமார். ரெண்டு வந்தா பரவால்ல. மூணு வந்தாதான் நான் பைய மூடுவேன். இல்லன்னா இங்கயேதான் குந்திக்கினு இருப்பேன்."

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டெல்லா மேடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார் வேலை. மேடம் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ரிடையரானவர். பி.எஃப். பணத்தை எல்லாம் ஆறு கம்ப்யூட்டரிலும் ஒரு ஜன்னல் ஏ.சி.யிலும் போட்டிருந்தார். கம்ப்யூட்டருக்குத் தூசு ஆகாது என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் யாரும் உள்ளே வரவேண்டும். வாசலில் கிடக்கும் செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, இங்கே யாரோ சாமியார் இருக்கிறார் என்று ஒரு பாட்டி தேங்காயோடு வந்ததுண்டு.

ஒரு நாள் ஏ.சி. உள்பக்கமாகத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஐஸ். நான் இரண்டு புத்தகம் படித்தவன் அல்லவா? "கேஸ் போயிடுச்சு மேடம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தும்மல் அண்ணாவுக்கு ஆள் போனது.

வந்தவர் மிஷின் பக்கமே போகவில்லை. நாற்காலியைப் போட்டு எங்கள் முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?"

"வேலை செய்யலை" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? எப்டி வேலை செய்யலன்னு சொல்லு. வவுறு வலின்னா எங்க வலிக்குதுன்னு டாக்டர் கேப்பாருல்ல? காத்து வருதா? வந்தா சில்லுன்னு வருதா, வெறுங்காத்தா? சத்தம் இன்னா மாரி கீது? தீஞ்ச வாசன அட்ச்சுதா?"

அவருடைய இரண்டாவது கிறுக்கு இதுதான். மிஷினுக்குக் கோளாறே வராது, மனுஷனுக்குத்தான் வரும் என்பது அவர் கட்சி. எனவே கோளாறைக் கண்டுபிடிப்பதோடு நிற்கமாட்டார். குற்றவாளியைக் கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் பேர் சொல்லி அறிவித்துவிட்டுத்தான் திருப்புளியைக் கையில் எடுப்பார்.

முன்மூடியைக் கழற்றி ஃபில்டரை உருவினார். ஃபில்டரா அது? பவுடர் பூசிய கம்பளி. விரலால் தொட்டு, முகர்ந்து, கரும்பலகையைப் பார்த்தார். மேடம் பழக்கதோஷத்தில் ஏ.சி.க்கு நேர் கீழே கரும்பலகை மாட்டி, சாக்பீஸில்தான் எல்லாப் பாடமும் நடத்துவார்.

"மேடம்! செருப்ப வெளிய வுடச் சொன்னீங்கோ, சாக்பீஸ உள்ள வுட்டுட்டீங்கோ. மிஷின் மூச்சே இழுக்க முடியாம ஐஸ் கட்டிக்கினு அழுவுது. கேஸும் போவல, ஒண்ணும் போவல. குற்றவாளி நீங்கதான்!"

அறுபது மாணவர்கள் படிக்கும் இடத்தில் மேடத்தைக் குற்றவாளி என்று சொன்ன முதல் ஆள். ஃபில்டரைக் கழுவிப் போட்டு, மூன்று தும்மல் தும்மிவிட்டுக் கிளம்பினார். மேடம் முகம் கடுகடுவென்று இருந்தது. சென்டரில் வேலை பார்க்கும் எங்களை வரிசையாக நிற்கவைத்தார்.

"இது என் தப்பு, நான் திருத்திக்கிறேன். ஆனா இன்னொரு தடவை இந்த மிஷின் நின்னா, அது யார் தப்போ அவங்க அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். அவரைக் கேட்டா பேரைச் சொல்லிடுவார்."

சொல்லத்தான் செய்வார். சேலையூரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் அவர் செய்ததை நானே பார்த்தேன். பெண் வீட்டு ஹாலில் ஏ.சி.யைச் சரிசெய்துவிட்டு அண்ணா முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இரண்டு வீட்டாரும் தாம்பூலத் தட்டைத் தூக்குகிறார்கள். சரியாக அந்த நொடியில், "ஹச்!"

ஒற்றைத் தும்மல். தட்டுகள் அந்தரத்தில் நின்றன. "யாருய்யா அது அபசகுனமா?" என்று ஒரு பெரியவர் எழுந்தார்.

அண்ணா அசரவில்லை. "ஒண்ணோட நிக்குதுன்னா சில்லு பத்தல சார். எங்கயோ காத்து பூடுது" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்த் திரைச்சீலையை விலக்கினார். ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. விளிம்பில் சிகரெட் சாம்பல், பக்கத்தில் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் திணிக்கும் ஒரு ஆள். "மாப்ள சித்தப்பா! தம்மு அட்ச்சிட்டு ஜன்னல சாத்த வாணாமா?" ஜன்னலைச் சாத்தினார். அடுத்தடுத்து இரண்டு தும்மல். பெரியவர் உட்கார்ந்தார், தட்டு மாறியது. சித்தப்பா மட்டும் சாப்பாட்டுப் பந்தி வரை வெளியே தலைகாட்டவில்லை.

அன்று டீக்கடையில் அண்ணாவுக்கு ஒரே மனத்தாங்கல். "கொயந்த தும்முனா ஆயுசு 'நூறு'ங்கறாங்கோ, இன்னொரு தும்மலுக்கு 'இருநூறு'ங்கறாங்கோ. நானும் இத்தினி வருசமா இவங்களுக்கோசரம் தும்முறேன். மிஷினுக்குச் சந்தனம் வெச்சுப் பொட்டு வெக்கறாங்கோ. எனக்கு ஒரு நூறு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல, பாத்தியா?"

நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

அடுத்த மே மாதம், நாங்கள் கொடுக்கும் சர்டிஃபிகேட்டுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரி சென்டரைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அறுபது பேர் படிப்பும் படிப்பு. இல்லாவிட்டால் சென்டரை மூடவேண்டியதுதான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நானே துணி வாங்கி, சிவப்புப் பெயின்ட்டில் 'வருக வருக' என்று பேனர் எழுதி, அன்று காலை ஏழு மணிக்கே வந்து தெருப்பக்கச் சுவரில் இழுத்துக் கட்டினேன். அவ்வளவு அழகாக இருந்தது.

ஒன்பது மணிக்கு ஏ.சி. நின்றது. பத்து நிமிடம் கழித்து 'டொக்' என்று கிளம்பியது, மறுபடி நின்றது. அறை அடுப்பங்கரையானது. "சூட்டுல கம்ப்யூட்டர் நின்னுடும்ப்பா" என்று மேடம் ஒவ்வொரு மானிட்டராகத் தொட்டுப் பார்த்து நடந்தார். அதிகாரி பதினோரு மணிக்கு வருகிறார். அண்ணா பத்தரைக்கு வந்தார்.

"நின்னு நின்னு கெளம்புதா? கேஸ் இல்லன்னா இப்டி நிக்காது. இதுக்கு மூச்சு முட்டுது. சூட்ட வெளிய தள்ள முடியாம தானே நிக்குது" என்று என்னைப் பார்த்தார். "இன்னிக்குக் காலீல இங்க புச்சா இன்னா பண்ணீங்கோ?"

"ஒண்ணும் பண்ணலையே அண்ணா."

"வா, பின்னால பாப்போம்."

தெருப்பக்கம் போனோம். என் பேனர் ஏ.சி.யின் முதுகை இறுக்கிப் போர்த்திக்கொண்டு நின்றது. வெளியே துருத்திக்கொண்டு அசிங்கமாக இருக்கிறது என்று நானேதான் பார்த்துப் பார்த்து மறைத்திருந்தேன். துணியைத் தொட்டேன். தோசைக்கல். மேடம் சொன்னால் சொன்னதுதான். அண்ணாவும் சொல்லாமல் இருக்கப்போவதில்லை.

அவர் முடிச்சுகளை அவிழ்த்து, பேனரை இரண்டு முழம் மேலே தூக்கிக் கட்டினார். "எழுத்து நல்லாக்கீது" என்றார், அவ்வளவுதான்.

உள்ளே வந்து சுவிட்சை அணைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "சூடு ஆறட்டும். ஆறாம போட்டா கம்ப்ரசர் பூடும்." மேடம் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சுவிட்சைப் போட்டார். ஓடியது. நிற்காமல் ஓடியது.

"யார் தப்பு இது?" என்றார் மேடம். எல்லோரும் அண்ணாவின் வாயைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார். நான் என் வெறுங்காலைப் பார்த்தேன்.

"வோல்டேஜு மேடம்" என்றார். "மே மாசம், தாம்பரம். யாரன்னு சொல்றது?"

வாழ்நாள் முழுக்கக் குற்றவாளியின் பேரைச் சொல்லியே பிழைத்த மனிதர், மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு மஃப்ளரைக் கழற்றினார். அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அதிகாரி உள்ளே வந்துவிட்டார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். கடைசியில் பேனாவைத் திறந்துகொண்டு, ஏ.சி.க்கு நேரே கண்ணை மூடி முகத்தை நீட்டி நின்ற உருவத்தைப் பார்த்து, "இவர் யாரு?" என்றார்.

"ஹச்!"

அதிகாரியின் பேனா தாளுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. மேடம் இரண்டு கையையும் கோத்துக்கொண்டார். என்ன தோன்றியதோ, நான் உரக்கச் சொன்னேன்:

"நூறு!"

அண்ணா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். "ஹச்!"

"இருநூறு!"

"ஹச்!"

"முந்நூறு!"

"என்னப்பா இது, டெஸ்டிங்கா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். பாஸாயிடுச்சு" என்றேன். கையெழுத்து விழுந்தது. அண்ணா மூக்கைத் துடைத்துக்கொள்ளும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டு பையை மூடினார்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். அன்று நான் கொடுத்த கணக்குப்படி இன்றைக்கும் அவருக்கு இருநூறு வருடத்துக்கு மேல் ஆயுசு பாக்கி இருக்கிறது. இருக்கட்டும். தாம்பரத்து வெயில் அதற்குள் குறைந்துவிடப் போவதில்லை.