தண்ணீருக்கும் தொற்று

பெருமதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

ஆய்வகத்திலிருந்து உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், உறைபெட்டிக்குள் உங்கள் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த கட்டித் துணுக்கும் நலம். அங்கே உங்கள் உடல்நிலையையும், சித்தியின் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

சித்தி காலையில் போன் செய்தார். "உங்க சித்தப்பா மறுபடியும் பால்கனியில நின்னு சிகரெட் ஊதறாரு. கேட்டா, 'கேன்சர் வந்தது சிகரெட்டால இல்ல, வைரஸால. என் அண்ணன் பொண்ணு லேப்லயே சொல்லிட்டாங்க'ங்கறாரு. நீ என்னம்மா சொன்ன?" சித்தப்பா, நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கூப்பிட்டபோது போனை எடுத்தவர் எங்கள் ஒலிபெருக்கி. பக்கத்து மேசைக்காரர், எந்தச் செய்தியும் அவர் வயிற்றில் தங்காது. "எல்லாம் பாசிட்டிவ் சார்" என்று அவர் சொன்னது உண்மைதான். அந்த 'எல்லாம்' என்னென்ன என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கட்டிகளில் வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. முதல் அறையில், கட்டியிலிருந்து பிரித்தெடுத்ததை மருந்துகளோடு சின்னக் குழாயில் கலப்போம். நடு அறையில் ஓர் இயந்திரம், வைரஸின் சுவடு துளி இருந்தாலும் அதைக் கோடி நகலாகப் பெருக்கும். கடைசி அறையில் குழாயைத் திறந்து சோதித்தால், வைரஸ் இருந்ததற்கு மட்டும் ஒரு கோடு தெரியும். கூடவே ஒரு குழாயில் வெறும் தண்ணீரையும் வைப்போம். அதற்குக் கோடு வந்தால் எங்கள் கை சுத்தமில்லை என்று அர்த்தம். அன்று உங்களுக்கும் கோடு, மற்ற நோயாளிகளுக்கும் கோடு, தண்ணீருக்கும் கோடு. தண்ணீருக்கு ஏது சித்தப்பா சிறுநீர்ப்பை?

தண்ணீரை மாற்றினேன், கையுறையை மாற்றினேன், மேசையைத் தேய்த்துத் தேய்த்து என் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம், மறுபடியும் தண்ணீருக்குக் கோடு. கடைசி அறைக்குப் போனவர் அன்றைக்கு முதல் அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது இங்கே சட்டம்; அந்த நகல்கள் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சட்டத்தை எழுதி ஒட்டியவர் எங்கள் பேராசிரியர். அவரே கடைசி அறையில் கோட்டைப் பார்ப்பார், மனசு கேட்காது, உடம்பில் போட்ட அதே வெள்ளைக் கோட்டோடு நேராக முதல் அறைக்கு வந்து என் திறந்த குழாய்கள் மேல் குனிந்து, "எங்கம்மா தப்பு நடக்குது?" என்று பெருமூச்சு விடுவார். தப்பு குனிந்து நிற்கிறது சார் என்று எந்த வாயால் சொல்வது? இன்று அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். கதவைத் தட்டினார். "உள்ள யாரும் இல்ல சார்" என்று நானே பதில் சொன்னேன். "சரிம்மா" என்று போய்விட்டார்.

குழாய்கள் இப்போது இயந்திரத்தில். எனக்கு உட்கார்ந்தபடியே தூக்கம் வருகிறது. என் அனுபவத்தில் சொல்கிறேன், உங்களுக்குக் கோடு வராது. அந்தப் பாசிட்டிவ் பேராசிரியரின் கோட்டிலிருந்து உதிர்ந்தது. அதை நம்பி ஊதிக்கொண்டிருக்காதீர்கள். கட்டியை எடுத்த பிறகும் அது திரும்பி வரக்கூடியது, சித்தப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது.

சித்திக்கு என் அன்பு. உங்கள் தீப்பெட்டிக்கு என் சாபம்.

இப்படிக்கு,
கண் எரியும் உங்கள் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. தண்ணீருக்குக் கோடு இல்லை. மற்றவர்கள் யாருக்கும் இல்லை. உங்களுக்கு மட்டும் இருக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். பேராசிரியர் சந்தோஷம் தாங்காமல் கோட்டைக் கழற்றாமலே முதல் அறைக்கு ஓடியிருக்கிறார், நாளையிலிருந்து மறுபடியும் எல்லோருக்கும் வரும். வைரஸ் உள்ளே இருந்தது என்றுதான் இந்தக் கோடு சொல்கிறது. நோயைக் கொண்டுவந்தது அதுதானா என்று சொல்லவில்லை. இதெல்லாம் உங்கள் காதில் ஏறாது, தெரியும். சித்தியிடம் நீங்களே ஜெயித்ததாக இருக்கட்டும். சிகரெட்டை மட்டும் விட்டுவிடுங்கள். எனக்கு இருப்பது ஒரே சித்தப்பா. உங்களை நகலெடுக்கிற இயந்திரம் எங்களிடம் இல்லை.