உன் வண்டி கப்பல் ஏற முடியாத காரணங்கள்

முருகன் துணை

ரிவியேர் தே ஸாங்கீய்,
9 அக்டோபர் 1967, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி மருமகன் ஆறுமுகத்துக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் ஃப்ரான்சிஸ் என்று இருப்பவனுக்கு, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் விநாயகம் மாமா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உன் மாமி காமாட்சியும், ரோஸ்ஹில்லில் உன் அம்மா பொன்னம்மாவும் சுகம். அவ்விடம் குளிர் தொடங்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள், காதை மூடிக்கொள். உன் வண்டி மட்டும் சுகமில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் கிடைத்தது. ஐந்து வரி. இரண்டு வரி லண்டன் மழையைப் பற்றி. மிச்சம் மூன்று வரியில், ஒன்பது மாதப் பயிற்சி முடிந்துவிட்டது, இங்கேயே வயர்லெஸ் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, வண்டியைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். உன் மாமி உனக்காக மெத்தையை வெயிலில் போட்டிருந்தாள். கடிதத்தை நான் படித்துச் சொன்னதும் போய் மெத்தையைச் சுருட்டி உள்ளே வைத்தாள். என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் கோயில் பாட்டோடு நின்றுவிட, கடிதம் எழுதும் பாடம் வரைக்கும் வந்த ஒரே மாணவன் நீதான். அந்தப் பாடம் இதற்கா உதவ வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருக்கட்டும். மறுநாளே போர்லூயிக்குப் போய்க் கப்பல் ஆபீசில் விசாரித்தேன். எந்த வண்டியானாலும் துறைமுகத்து வாசல் வரை தானே ஓடி வரவேண்டுமாம், தள்ளிக்கொண்டு வரும் வண்டியை ஏற்ற மாட்டார்களாம். இதுதான் சிக்கல். உன் வண்டி தானே ஓடாது. ஏன் ஓடாது என்பதை ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டியது என் கடமை. முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் ஒரு தாமதத்துக்குக்கூட நான் காரணம் எழுதாமல் விட்டதில்லை.

நீ புறப்படும்போது இரண்டு பேர் உட்காரும் அந்தச் சிவப்பு வண்டியை நம் கொட்டகையில் விட்டுவிட்டு, ஒரு தாளில் தமிழிலேயே குறிப்பு எழுதித் தந்தாய். சும்மா நிற்கும் வண்டியில் பேட்டரி செத்துப்போகும், மாதம் ஒருமுறை கழற்றி மெக்கானிக் அலானின் பட்டறையில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றித் திரும்ப மாட்டவேண்டும், தண்ணீர் குறைந்தால் ஊற்றவேண்டும், இரண்டு பேட்டரியும் எப்போதும் சமமாக இருக்கவேண்டும் என்று. ஒரு வண்டிக்கு ஒரு பேட்டரி போதாது என்று அதைச் செய்த இங்கிலாந்துக்காரனுக்கு ஏன் தோன்றியதோ தெரியாது. பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்று வைத்துத் தொலைக்காமல் ஆறு ஆறாக இரண்டு வைத்து, அதையும் ஆசனத்துக்குப் பின்னால் பலகைக்கு அடியில், கை ஒன்று நுழைந்தால் தலை நுழையாத இடத்தில், ஆளுக்கொரு குழியில் ஒளித்து வைத்திருக்கிறான். அதுவும் போகட்டும். குறிப்பின் கடைசியில் நீ என்ன எழுதினாய், நினைவிருக்கிறதா? 'கூட்டல் முனை மண்ணுக்கு. தவறவே வேண்டாம்.' இரண்டு கோடு வேறு போட்டிருந்தாய்.

நானும் தவறவில்லை. ஸ்டேஷனில் தந்தி எந்திரத்துக்கு நான் பேட்டரி பார்த்தவன். ஒரு முனை தந்திக் கம்பிக்கு, இன்னொரு முனை மண்ணுக்கு. மண் என்றால் மண்தான், மூன்றடி ஆழத்தில் செம்புத் தகடு புதைத்து அதில் கம்பியைச் சேர்த்து, காய்ந்துபோகாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ரயிலை நிறுத்திய அன்று அந்தத் தகட்டை நான்தான் தோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன், உன் மாமி அதன்மேல் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். அதை வாங்கி, சௌசௌப் பந்தலுக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்து, கொட்டகை ஜன்னல் வழியாகக் கம்பி இழுத்து, உன் பேட்டரியின் கூட்டல் முனையோடு முறையாகச் சேர்த்தேன். சாவியைத் திருப்பினேன். விளக்குகூட எரியவில்லை. மண் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஓரடி ஆழப்படுத்தினேன். ஈரம் போதவில்லையோ என்று மூன்று வாரம், தினம் சாயங்காலம் இரண்டு வாளி ஊற்றினேன். அந்த மூன்று வாரத்தில் காய்த்த சௌசௌவை நாங்கள் இன்றுவரை தின்று தீர்க்கவில்லை. வண்டி மட்டும் முனகக்கூட இல்லை.

வேறு வழியில்லாமல் அலானைக் கூப்பிட்டேன். அவன் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே கொட்டகையிலிருந்து பந்தல் வரைக்கும் நடந்து போனான், பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறான். சிரித்து முடித்து, வண்டியின் இரும்பு உடம்பைத் தட்டித் தட்டி, "லாமாஸ், தோன்தோன், லாமாஸ்! வண்டியோட உடம்புதான் மண்ணு! தோட்டத்து மண்ணு இல்லே!" என்று கத்தினான். தோன்தோன் என்று அவன் என்னை மாமா முறை வைத்துக் கூப்பிடுவது உனக்குத் தெரியும். பட்டறைக்காரர்கள் பாஷையில் லாமாஸ் என்றால் நீ சொன்ன மண்ணாம். அதை நீ மண் என்று எழுதாமல் வண்டியின் உடம்பு என்று எழுதியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். உனக்கு மண் என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பதால் இதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கென்று உன் அம்மா ரோஸ்ஹில்லிலிருந்து வந்து முற்றத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது காது மந்தம் என்று உனக்குத் தெரியும். அலான் கத்திய லாமாஸ் அவள் காதில் லாமெஸ் என்று விழுந்திருக்கிறது. மாதா கோயில் பூசையைத்தானே நம் ஊர்க் கிறியோலில் லாமெஸ் என்கிறார்கள். மகன் வண்டிக்கு மாதா கோயிலில் பூசை வைத்தால்தான் சரிவரும் என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குப் போனவள், பாதிரியாரிடம் ஃப்ரான்சிஸுக்கு ஒரு லாமெஸ் வேண்டும் என்றிருக்கிறாள். என்னம்மா ஆயிற்று என்று அவர் கேட்டதற்கு, கார் என்று சொல்ல வெட்கப்பட்டு, "மூணு வாரமா பேச்சு மூச்சு இல்லாம கெடக்கு, பாத்ர், மூடி வச்சிருக்காங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். அவர் பாவம், வேறென்ன நினைப்பார்? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பரதேசத்தில் காலமான நம் மகன் ஃப்ரான்சிஸ் என்று உன் பெயரை வாசித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஏழு பேர் மாலையோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஜெனெவியேவ் என்று ஒரு பெண், விமான நிலையத்துத் தந்தி அறையில் உன்னோடு வேலை பார்த்தவளாம், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உன் மாமியின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அழுவதற்கு அவளுக்கு இவ்வளவு காரணம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. உன் தகவலுக்காக இதைக் குறித்து வைக்கிறேன். நீ உயிரோடுதான் இருக்கிறாய், செத்தது பேட்டரிதான் என்று நான் விளக்கிச் சொன்னதும், மாலை கொண்டுவந்தவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் வண்டியின் மூக்கில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று என் மானம் கப்பலேறியது. உன் வண்டிக்கு முன்னாலேயே அது போய்விட்டது.

அடுத்தது தண்ணீர் விவகாரம். வண்டிமேல் தெளிக்கச் சொல்லி உன் அம்மா மாதா கோயிலிலிருந்து ஒரு புட்டி தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தாள். மருந்துக்கடையில் பேட்டரிக்காக நான் வாங்கிய வாலைவடிநீரும் அதே மாதிரி எலுமிச்சைச் சர்பத் புட்டியில்தான் இருந்தது. இரண்டையும் ஒரே பலகையில் வைத்தது யார் என்ற கேள்விக்குள் நான் போக விரும்பவில்லை. நான்தான். முதல் பேட்டரிக்கு ஊற்றி முடித்த பிறகுதான் புட்டியின் கழுத்தில் சிலுவை ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். இதைச் சத்தமாகச் சொல்லித் தொலைத்ததுதான் தப்பு. உன் மாமி அடுக்களையிலிருந்து வந்தாள். "உங்க தங்கச்சி சாமி தண்ணி ஒண்ணுக்கு ஊத்தியாச்சு, நம்ம சாமி மட்டும் இளப்பமா? ரெண்டும் சமமா இருக்கணும்னு பிள்ளை எழுதியிருக்கான்ல?" என்று கேட்டு, நான் தடுப்பதற்குள், முருகன் கோயில் அபிஷேகத் தீர்த்தத்தை இரண்டாவது பேட்டரியில் ஊற்றிவிட்டாள். அதில் பால் இருந்தது. மஞ்சளும் இருந்தது. ஒரு துளசி இலையை நான் விரலால் எடுத்து, அமிலம் பட்டு விரல் வெந்து, வெந்தயம் அரைத்துப் பூசிக்கொண்டேன்.

இதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது, தேர்தலும் வந்துவிட்டது. சுதந்திரம் வேண்டும் என்கிற கட்சிக்காரர்கள் ஒலிபெருக்கிக்குப் பேட்டரி இரவல் கேட்டு வந்தார்கள். அரை மணி கழித்துச் சுதந்திரம் வேண்டாம் என்கிறவர்களும் வந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நம் சொந்தக்காரர்கள்தான், ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு இல்லை என்றால் அடுத்த கல்யாணத்துக்கு யாரும் வரமாட்டார்கள். இரண்டு பேட்டரி இருக்கும் வண்டியின் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது, அந்த மாதச் சார்ஜ் ஏறிய கையோடு ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினேன். பன்னிரண்டு வோல்ட்டு கேட்கும் ஒலிபெருக்கிக்கு ஆறு வோல்ட்டு எந்த மூலைக்கு? சந்தை வாசலில் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இரண்டு ஒலிபெருக்கியும் நோயாளி மாதிரி முணுமுணுத்தன. சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் ஊருக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை, ஓட்டு மட்டும் எல்லோரும் போட்டோம். வேண்டாம் என்ற கட்சிக்காரர் ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்துவிட்டார். வேண்டும் என்றவர் நாலு மணி நேரம் பேசினார். ஆகவே பேட்டரிகள் திரும்பி வந்தபோது ஒன்றில் பாதி உயிர் இருந்தது, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. சமமாக இருக்கவேண்டும் என்று நீ எழுதியதை இந்த நாட்டில் இதற்குமேல் யாராலும் காப்பாற்ற முடியாது.

ஆக, நிலைமை இது. பேட்டரி இரண்டும் போய்விட்டன. வண்டி நகராது. நகராத வண்டியைக் கப்பல்காரன் ஏற்ற மாட்டான். வேறு பேட்டரி மாட்டலாம் என்றால், அந்தக் குழிகளில் உட்காரும் அளவு இந்தத் தீவிலேயே கிடைக்காது என்று நினைக்கிறேன். அதன் சூட்சுமம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீயே நேரில் வந்து பார்த்தால்தான் ஏதாவது செய்யமுடியும். அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் வா.

சகல சௌபாக்கியங்களும் உன்னைச் சேரட்டும், வேலும் மயிலும் உனக்கு வழித்துணையாக இருக்கட்டும், உன் அம்மா வணங்கும் மாதாவும் கூடவே இருக்கட்டும். லண்டனில் உனக்கு அறை கொடுத்திருக்கும் வீட்டுக்காரக் கிழவிக்கு என் வணக்கம். அவளுக்குத் தமிழ் தெரியாதது எனக்குப் பெரிய ஆறுதல்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
விநாயகம்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் உன் மாமி வந்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று கிறியோலில் சொல்லச் சொன்னாள். முழுக்கச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "நடந்ததெல்லாம் நெசம். முடிவு மட்டும் மாந்தி. பிள்ளைகிட்ட பொய் எழுதி அனுப்பாதீங்க" என்று ஸ்டாம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். உண்மையை எழுதினால்தான் தருவாளாம். எழுதுகிறேன். தேர்தல் முடிந்த வாரமே அலான் இரண்டு பேட்டரியையும் கவிழ்த்துக் கழுவி, புது அமிலம் ஊற்றி, மூன்று நாள் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினான். அமிலத்தின் பலம் காட்டும் கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் நானே பார்க்கிறேன். சாவியைப் பாதி திருப்பினாலே வண்டி கிளம்பிவிடுகிறது. பேட்டரி உட்கார்ந்துவிடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பிளேன் மாக்னியன் வரை ஓட்டிப் போகிறேன். லண்டன் விமானம் இறங்கும்போது வேலியோரம் நிற்போம். நீ அதில் வரவில்லை என்று எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி ஆள் இறங்குகிறவரைக்கும் நிற்கச் சொல்கிறாள். எங்களுக்கு வேறு பிள்ளை கிடையாது ஆறுமுகம், நீ வரவேண்டும் என்று இருக்கிறது, அவ்வளவுதான். கப்பல் ஆபீஸ் தாள் மேசைமேல் இருக்கிறது, கையெழுத்து மட்டும் பாக்கி. நீ இன்னொரு முறை அனுப்பு என்று எழுதினால், காரணம் கேட்காமல் போட்டுவிட்டு, வண்டியை நானே துறைமுகத்துக்கு ஓட்டிப்போய்விடுவேன். அப்படி இல்லாமல், எந்த விமானம் என்று எழுதினால், நானும் மாமியும் வண்டியிலேயே வருகிறோம். அதில் இரண்டு பேருக்குத்தான் இடம். திரும்பும்போது நீ ஓட்டு, மாமி பக்கத்தில் உட்காரட்டும். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.