ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்றது பற்றி

போத்தனூர்,
வியாழக்கிழமை, செப்டம்பர் 1996.

கர்த்தருக்குள் அன்புள்ள மாப்பிள்ளை வின்ஸ்டன் அவர்களுக்கு, மாமா தேவானந்தம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. பெருந்துறையில் நீங்களும் உங்கள் தாயாரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

நிற்க என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, நின்றதால் வந்த வினைதான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுச் சபையில் உங்கள் இரண்டாம் கல்யாணத்துக்கு அறிவிப்பு ஓலை வாசித்தபோது நான் எழுந்து தடை சொன்னதாக உங்களுக்கு யாரோ போன் போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு உங்கள் தாயார் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். மாப்பிள்ளை, நான் தடை சொல்லவில்லை. செத்துப்போன மகளுடைய அப்பன் எழுந்து நின்றால் அது தடை சொல்லத்தான் என்று சபையே முடிவு கட்டினால் நான் என்ன செய்வேன். நான் எழுந்தது ஒரு ஹெல்மெட்டுக்காக. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

உங்கள் கல்யாணப் பத்திரிகை வந்ததும் என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்தேன். சுவர்க்கடிகாரம் வேண்டாம், மகள் ஜோஸ்லின் கல்யாணத்துக்கு வந்த கடிகாரங்களே எங்கள் பரணில் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஹெல்மெட் கொடுக்கலாம் என்று தோன்றியது. உங்களுக்கு இல்லை, உங்களிடம்தான் இருக்கிறதே, அந்தப் பெண்ணுக்கு. சனிக்கிழமை டவுன்ஹால் பக்கம் சீட் கவர், ஹாரன் எல்லாம் விற்கிற கலீல் ரஹ்மான் கடைக்குப் போய், வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிற பெண்ணுக்கு ஒரு ஹெல்மெட் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க, ஓட்டறவங்களே போடறதில்லீங்க. சட்டம் இருக்குதுங்கறாங்க, யாருங்க கேக்கறா? பொம்பளைங்களுக்கு எதுக்குங்க, வச்ச பூவு கசங்கிப்போகுமுங்க” என்றார். பூ கசங்கினால் வேறு பூ வாங்கிக்கொள்ளலாம் என்றேன். என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது போல, மனுஷர் ஒன்றை எடுத்து என் தலையிலேயே மாட்டினார். நான் இடது பக்கம் திரும்பினேன், அது நேரே பார்த்துக்கொண்டே நின்றது. இது லூசுங்க, விழுந்தா மொதல்ல இதுதான் கழண்டு ஓடுமுங்க என்று அவரே பிடுங்கிக்கொண்டு அடுத்ததை மாட்டினார். அது கன்னத்தை அமுக்கிக்கொண்டு உள்ளே போனது, வெளியே வரவில்லை. அவர் மேலே இழுக்க, நான் கீழே உட்கார, கடைசியில் ஹெல்மெட் வந்தது, என் மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உள்ளேயே தங்கிவிட்டது. “புடிச்சாப்புல இருக்கோணும், ஆனா வலிக்கக் கூடாதுங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கோணும். தலையைக் காட்டாம நான் எந்த சைஸுங்க குடுக்கறது?” என்றார்.

ஆகவேதான் மாப்பிள்ளை, ஞாயிறு காலை தலையைப் பார்க்கச் சபைக்குப் போனேன். பெண் முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள், நடுவில் யாரோ ஒரு பருத்த அம்மாள் மறைத்துக்கொண்டிருந்தார். போதகர் ஓலை வாசித்து, இவர்கள் சேருவதற்கு யாருக்காவது தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் குனிந்தார், நான் எட்டிப் பார்க்க எழுந்தேன், முழங்கால் சடக்கென்றது. சபை மொத்தமும் திரும்பியது. “சொல்லுங்க தேவானந்தம்” என்றார் என்னைத் தெரிந்த போதகர். “தடை ஒண்ணுமில்லீங்க, தலை தெரியலீங்க. பொண்ணுக்கு ஹெல்மெட் வாங்கோணும், அளவு பாக்கறனுங்க” என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். தலை சின்னதுதான்.

திங்கட்கிழமை அதைச் சொல்லி வாங்கிவிட்டேன். கை நிறைய காய்கறிப் பை இருந்ததால் பஸ்ஸில் தலையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன், சின்ன சைஸ், நெற்றியோடு நின்றுகொண்டது. கண்டக்டர், “ஏனுங்க பெரியவரே, டிரைவரே போடலீங்க, உங்களுக்கு எதுக்குங்க?” என்று கேட்டார். பின்னால் உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் வேணும் கண்ணு என்றேன். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெயிலுக்கு வேர்க்கிறது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஜோஸ்லின் உங்கள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. சேலை கிழியவில்லை, கேரியர் கூட நசுங்கவில்லை, தலை மட்டும்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தீர்கள், நர்ஸ் வந்து பட்டையை அவிழ்த்துவிட்டாள். நீங்கள் வேகமாக வரவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்தால் பரிசு வாங்குவேனா.

கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராது, சடையைக் கீழே தொங்கப் போடச் சொல்லுங்கள். பட்டை போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்பீர்கள், அன்றைக்கும் பக்கத்தில்தான் போய் வந்தீர்கள். கல்யாணத்துக்கு எங்களால் வர முடியாது, முழங்கால் காரணம். ஹெல்மெட்டைப் பார்சலில் அனுப்புகிறேன். உங்கள் தாயாருக்கு என் ஸ்தோத்திரம். நீங்கள் போகிற வழியெல்லாம் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
தே. தேவானந்தம்,
ரயில்வே பார்சல் கிளார்க் (ஓய்வு).

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை விமலாராணி எழுதுவது. அவர் கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கிறார், அதற்குள் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை அவர் எந்தக் கடைக்கும் போகவில்லை. தடை சொல்லத்தான் சபைக்குப் போனார். “தனக்கு மட்டும் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு வர்றவனை நம்பி இன்னொரு பொண்ணைக் குடுத்துராதீங்க” என்று சனிக்கிழமை முழுக்க வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், நான் தடுத்தும் கேட்கவில்லை. எழுந்து நின்றதும் அந்தப் பெண் திரும்பினாள், பயந்துபோய் அவரையே பார்த்தாள், இவர் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டார். வாயில் வந்ததை உளறிவிட்டு, அதை நிஜமாக்கத்தான் திங்கட்கிழமை கடைக்கு ஓடினார். கடையில் பட்ட பாடெல்லாம் அன்றைக்குத்தான். கோபம் இல்லை என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அவருக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண் சுகிர்தா நல்ல பிள்ளை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பார்சல் வராது, கல்யாணத்துக்கு நாங்களே கொண்டு வருகிறோம். அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உங்கள் பின்னால் ஏறி உட்காருவதை நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.