இரவல் தழும்பு

“முதல் பரிசு உங்களுக்கே. கட்டுரையோடு வெளியிட, வலது கைத் தழும்பு தெரியும்படி ஒரு புகைப்படம் அனுப்பவும்” என்று பத்திரிகையிலிருந்து கடிதம் வந்ததும், ஹெட் கிளார்க் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாகக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறு கஷ்டம் அறியாத கை. வழவழவென்று இருந்தது.

“தழும்பா? உங்க கையிலயா?” என்றாள் மனைவி. “கொசு கடிச்சா மூணு நாள் லீவு போடற ஆளாச்சே நீங்க!”

“உனக்கு இலக்கியம் புரியாது. போய் வேலையைப் பாரு.”

சொந்த வாழ்க்கைத் துயரத்தை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்பது போட்டி விதி. எழுத உட்கார்ந்தபோதுதான், தனக்குத் துயரம் என்று ஒன்றுமே நேரவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அதற்காகப் பரிசை விட்டுவிட முடியுமா? பத்து வயதில் அப்பா கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியைத் தன் கையில் வைத்து அழுத்தியதாக எழுதிவிட்டார். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. மறுப்புக் கடிதமா போடப்போகிறார்?

பரிசளிப்பு விழாவுக்கு ஆபீஸ் முழுக்க அழைப்பு வைத்தாயிற்று. மேனேஜரே முன் வரிசையில் இடம் கேட்டிருந்தார். இனிப் பின்வாங்கினால் அங்கே தலைகாட்ட முடியாது.

“என்னிடம் கேமரா இல்லை” என்று பதில் போட்டார். “எங்கள் ஆளையே அனுப்புகிறோம்” என்றார்கள். கையில் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டு, “கை சுளுக்கிடுச்சு” என்று புகைப்படக்காரருக்குப் போன் செய்தார்.

“ரொம்ப நல்லதாப் போச்சு சார்! கட்டைப் பிரிக்கிற மாதிரியே எடுத்துடலாம். பாக்கறவங்க அழுதுடுவாங்க. ஞாயித்துக்கிழமை வரேன்.”

தழும்பு என்னவோ நிஜம்தான். அது இருந்தது லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பியின் கையில்.

“ஒரு போட்டோவுக்கு உன் கை வேணும்டா. ஏன் எதுக்குன்னு கேக்காதே.”

“நான் எப்பண்ணா கேட்டிருக்கேன்?” என்றான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் திரைச்சீலையை ஒட்டி நாற்காலி போட்டு, பெரிய சால்வையைப் போர்த்திக்கொண்டு ஹெட் கிளார்க் உட்கார்ந்தார். கட்டைக் காலையிலேயே பிரித்து எறிந்தாயிற்று. சொந்தக் கையை முதுகுப் பக்கம் மடக்கிக்கொண்டார். திரைக்குப் பின்னால் நின்ற தம்பி, சால்வைக்கு அடியிலிருந்து தன் கையை நீட்டினான்.

புகைப்படக்காரர் குனிந்து பார்த்தார். “என்ன சார், நகத்துல இவ்ளோ கிரீஸ்?”

“ஸ்கூட்டரை நானே கழட்டிப் பூட்டுவேன்.”

“உங்க கட்டுரையைப் படிச்சு அழுதுட்டேன் சார். பெத்த அப்பனே இஸ்திரிப் பெட்டியை வெச்சு அழுத்தினாராமே. மனுஷனா சார் அவர்?”

நீட்டியிருந்த கையின் விரல்கள் இறுகின. ஹெட் கிளார்க் கண்ணை மூடிக் குரலைத் தாழ்த்தினார். “விடுங்க. அவரை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்.”

“பெரிய மனசு சார் உங்களுக்கு! ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கையாலேயே கட்டுரையோட முதல் வரியை எழுதுங்க. ‘வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்ததே நான் செய்த பாவம்’னு வருமே, அது. அப்படியே எடுத்துடறேன்.” பக்கத்தில் இருந்த ஸ்டூலில் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தார்.

“ஐயோ வேண்டாம், கை வலி...”

சொல்லி முடிப்பதற்குள் கை ஸ்டூலைத் தடவிப் பேனாவை எடுத்துவிட்டது.

“கையைப் பாக்காதீங்க சார், கேமராவைப் பாருங்க. அசையாதீங்க!”

ஹெட் கிளார்க் கேமராவையே பார்த்தார். காதில் பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. கை நிறுத்தாமல் எழுதி முடித்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குள் போய்விட்டது.

புகைப்படக்காரர் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தார்.

“‘சூடு வெச்சது அப்பா இல்ல, அண்ணன்’னு எழுதியிருக்கீங்களே சார்... நீங்கதானே வீட்டுக்கு மூத்தவர்?”